வெள்ளைக்காரனின் முழங்காலும் என் வாயும்

மகன்,

அம்மாவின் கைபேசியைத் தற்செயலாக நான் எடுத்துவிட்டால், "அம்மாவிட்டைக் குடுங்கோ" என்பாய். சாப்பிட்டாயா என்று கேட்கிற அளவுக்குக்கூட இடைவெளி விடமாட்டாய். நானும் குசினிக்குப் போய் அவளின் கையில் கொடுத்துவிட்டு, அவள் கதைத்து முடிக்கும்வரை பக்கத்தில் எதையாவது துடைத்துக்கொண்டு நிற்பேன். துடைக்கிற வேலை எனக்குப் பழகினதுதானே. உன் குரல் கொஞ்சம் கேட்கும், என்ன சொல்கிறாய் என்று விளங்காது. நீ வடக்கே ஜெனோவாவுக்குக் கப்பல் ஏறின நாளிலிருந்து நம் வீட்டு வழக்கம் இதுதான். உனக்கு என்மேல் கோபம் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கோபத்துக்கு உனக்குத் தெரிந்த காரணம் ஒன்று. உனக்குத் தெரியாத காரணம் ஒன்றும் இருக்கிறது, அது இதைவிடப் பெரிது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்ல எனக்குத் துணிவு இல்லை என்பதையும் முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, நீ கட்டப்போகிற பிள்ளையின் தகப்பன் எனக்குத் தொலைபேசி எடுத்தார். சுகம் விசாரித்தார், இங்கே பலேர்மோவில் வெயில் எப்படி என்று கேட்டார், பிறகு தொண்டையைச் செருமினார். "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. பெண் பிள்ளையின்ர விசயம், நாலு இடத்திலை விசாரிக்காமல் விடேலாது. அங்கை என்ர மனிசியின்ர ஆக்கள் இருக்கினம். அவை ஒரு கதை சொல்லினம். உங்கட மகன் ஒரு வெள்ளைக்காரன்ர வீட்டிலை வேலை செய்து, அந்த வீட்டு ரகசியத்தை வெளியிலை சொல்லி, அந்த மனிசன்ர பிழைப்பைக் கெடுத்தவராம். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்த பெடியன் எண்டு கதைக்கினம். நான் நம்பேல்லை. இஞ்சை எங்களோடை பழகிற பெடியன் அப்பிடி ஆள் இல்லை. உங்கட வாயாலை ஒரு சொல்லுக் கேட்டால் எனக்குப் போதும்."

ஒரு சொல்லுத்தான் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது பாருங்கோ, அப்ப அவனுக்கு வயசு காணாது. இப்ப நல்லாத் திருந்தீட்டான்" என்றேன். செய்யாத பிழைக்கு உன்னைத் திருத்தியும் விட்டேன், மகன். "அப்ப உண்மைதான். சரி அண்ணை, யோசிச்சுச் சொல்லுறன்" என்று வைத்துவிட்டார்.

அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் எதையோ மறைக்கிறேன் என்று அவள் முதல் நாளே மோப்பம் பிடித்தவள். கேட்டபோதெல்லாம் நான் இல்லையென்று சத்தியம் பண்ணாத குறையாக மறுத்துவந்தேன். அன்றைக்கு அவள் கேட்கவில்லை. "மூடவேண்டிய இடத்திலை திறந்தீங்கள். திறக்கவேண்டிய இடத்திலை மூடினீங்கள். இப்ப அவன்ர கலியாணத்துக்கும் கொள்ளி வைச்சாச்சு. இனி என்ன, இருந்து சாப்பிடுங்கோ" என்றாள். நான் சாப்பிடவில்லை.

இதை நீ மட்டும் வாசித்தால் போதாது. இந்தக் கதை எங்கள் ஆட்களின் வாயில் ஊறிக் கிடக்கிறது, விசாரிக்க வருகிறவர்களுக்கு வட்டிலில் வைத்துப் பரிமாறுகிறார்கள். ஆகவே சங்கத்து ஆண்டு மலரிலும் இதைப் போடச் சொல்லியிருக்கிறேன். நடந்தது எதுவும் தெரியாதவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

டெரிக்கின் வீட்டில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது நீ பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். இங்கிலாந்துக்காரன், தொழில்முறை உதைபந்தாட்டக்காரன், வயது முப்பதைத் தாண்டியவன். நகரத்துக்கு வெளியே ஒரு சின்ன ஊர் அணிக்கு விளையாட வந்து, கடல் வேண்டும் என்று மொண்டெல்லோவில் வீடு எடுத்திருந்தான். அதுவரை நான் வேலை செய்ததெல்லாம் கிழட்டு சிஞ்ஞோராக்களின், இத்தாலியச் சீமாட்டிகளின், வீடுகளில். வெள்ளிக் கரண்டிகளை எண்ணி வைக்கிற வீடுகள். இவன் வீட்டில் எண்ண ஒன்றுமில்லை. காலுறையும் துவாயும்தான் மலைபோலக் குவியும். என்னைப்போலவே வீட்டு வேலை செய்கிற பரமண்ணை, கோயிலில் எல்லாருக்கும் முன்னால் என்னைக் கேட்பார்: "என்ன, வெள்ளைக்காரன்ர காலுறை மணம் இன்னும் கையிலை நிக்குதோ?" எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அது எனக்குள் ஒரு முள்ளாக இருந்தது, அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்.

எனக்கும் டெரிக்குக்கும் ஒட்டினது குவெஸ்தூராவில், வெளிநாட்டார் வரிசையில் நிற்கிற பொலிஸ் கந்தோரில். இங்கிலாந்து ஐரோப்பாவை விட்டு விலகினபிறகு அவனுக்கும் பெர்மெஸ்ஸோ, வதிவிட அனுமதி, வேண்டியிருந்தது. அணிக்காரர்கள் ஒரு கடுதாசிக் கட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவன் பத்து மணிக்குப் போனால் போதும் என்று இருந்தான். நான்தான் விடியவே இழுத்துக்கொண்டு போனேன். எங்கே நிற்பது, எந்தக் கண்ணாடிக்குள் இருக்கிற ஆள் நல்லவர், புகைப்படம் எத்தனை கொண்டுபோவது, "நாளைக்கு வா" என்றால் எப்படி நகராமல் நிற்பது, எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். வங்காளிகளுக்கும் கானாக்காரர்களுக்கும் நடுவில் அந்த நெட்டையன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற கோலம்! யாழ்ப்பாணத்தான் ஒருவன் வெள்ளைக்காரனுக்கு வரிசையில் நிற்கப் பழக்கினான் என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்து உனக்கும் அம்மாவுக்கும் நடித்துக் காட்டினேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நீ என்னோடு சேர்ந்து சிரித்த நாட்களில் எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது அதுதான்.

அதற்குப்பிறகு நான் உடுப்பு இஸ்திரி போட்டு மினுக்கும்போது அவன் தேநீரோடு வந்து இருந்து கதைப்பான். அவனுடைய அரைகுறை இத்தாலியனும் என்னுடைய அரைகுறை ஆங்கிலமும் சேர்ந்து ஒரு முழுப் பாஷையாகிவிடும். மழை விடாத ஒரு வடக்கு ஊர் அவனுடையது. தகப்பன் பஸ் சாரதி. எட்டு வயதிலேயே பெரிய அணி ஒன்று பிள்ளையைத் தன் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. தெருவே திரண்டு வந்து வாழ்த்தினது. பதினெட்டு வயதில் ஒரு அறைக்குள் கூப்பிட்டு, "நீ நல்ல பிள்ளை, ஆனால் எங்களுக்கு வேண்டாம்" என்று கை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு கீழ்ப் பிரிவு அணிகள், அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம். ஒரு வருடம் அவன் இருந்த அணி மேல் பிரிவுக்கு ஏறியது. அந்த வருடத்தைப் பற்றிக் கதைத்தால் அவன் முகம் பிள்ளையின் முகமாகிவிடும். ஏறினபிறகு அவனைவிட இளையவர்களை வாங்கி, அவனை ஆடவிடாமல் ஓரத்து வாங்கில் இருத்தினார்கள். அப்போதுதான் பெல்ஜியத்துக்குப் போனான், பிறகு ஒரு கிரேக்கத் தீவு, பிறகு இங்கே. வெளிநாட்டுக்குப் போகிறேன் என்றபோது தகப்பன், "இங்கே தோற்றதால்தானே போகிறாய்" என்று கேட்டாராம். "நீ வந்தபோது உன் அப்பா என்ன சொன்னார்?" என்று டெரிக் என்னைக் கேட்டான். "போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடு என்றார்" என்றேன்.

அவனுடைய முழங்கால் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். படி இறங்கும்போது கைபிடியைப் பற்றிக்கொண்டு இறங்குவான், ஆள் பார்த்தால் விட்டுவிடுவான். அந்த வருடத்தோடு அவன் ஒப்பந்தம் முடிகிறது. வடக்கே ஒரு அணி இரண்டு வருடத்துக்கு எடுக்கத் தயாராக இருந்தது. கால் நோகிறது என்று வெளியே தெரிந்தால் அது போச்சு. அணி வைத்தியரிடமும் போகமுடியாது, சொந்தமாக வெளியாளிடம் பார்க்கவும் ஒப்பந்தம் விடாது. நீ அப்போதுதான் உடற்சிகிச்சைப் படிப்பு முடித்திருந்தாய். நான்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். பின்னேரங்களில் நீ வந்து அந்தக் காலை மடக்கி, நீட்டி, அவனை நிலத்தில் படுக்கவைத்து வேலை வாங்குவாய். என்னை ஏவுகிற மனிதனை என் மகன் ஏவுகிறான். நான் கதவோரம் நின்று பார்த்து நெஞ்சு நிறைந்தேன். சில கிழமைகளில் அவன் பிடியில்லாமல் படி இறங்கினான். "நான் வடக்கே போனால் இவனும் என்னோடு வருவான், என் காலுக்குப் பொறுப்பு இவன்தான்" என்றான். உனக்கு அது வாழ்க்கையின் முதல் கதவு. அவன் நம் இரண்டு பேரிடமும் கேட்டது ஒன்றே ஒன்று: இந்த வீட்டுக்கு வெளியே இதைப் பற்றி மூச்சு விடவேண்டாம். நீ தலையாட்டினாய். நான் அதற்கும் மேலே போய், நெஞ்சில் கை வைத்துக் காட்டினேன்.

இனித்தான் உனக்குத் தெரியாத பகுதி.

நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பெல்லெக்ரீனோ மலைக்கு ஏறுவது உனக்குத் தெரியும். முருகனுக்கும் அர்ச்சனை, மலைக் குகைக்கோயிலில் புனித ரொசலியாவுக்கும் மெழுகுதிரி. இரண்டு பக்கமும் கணக்குத் தீர்த்து வைத்துக்கொள்கிற ஆட்கள்தானே நாங்கள். டெரிக்கின் கால் தேறினால் வெள்ளியில் ஒரு கால் வைக்கிறேன் என்று நான் நேர்த்தி வைத்திருந்தேன். அவனுக்காக என்று சொன்னாலும், உன்னுடைய கதவு திறக்கவேண்டும் என்றுதான் வைத்தேன். பழைய நகரத்துச் சந்தில் வெள்ளித் தகட்டில் செய்த ஒரு காலை வாங்கி, கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு மலை ஏறினேன். பரமண்ணையும் வந்தார். குகை வாசலில் நான் லேஞ்சியை அவிழ்க்கிறேன், அவர் எட்டிப் பார்க்கிறார். "ஆருக்கடாப்பா கால்? மனிசிக்கோ?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அம்மாவுக்கு வாதம் இருப்பது ஊருக்கே தெரியும், பொய்கூட முழுப்பொய் ஆகியிராது. ஆனால் அவர் விடவில்லை. "இல்லாட்டி உன்ர வெள்ளைக்காரனுக்கோ? காலுறை தோய்ச்சது காணாதெண்டு இப்ப காலுக்கும் நேர்த்தியோ?" என்று சிரித்தார். அந்த முள் குத்திவிட்டது. "காலுறை தோய்க்கிறது நான்தான். ஆனால் அந்தக் காலை நடக்க வைக்கிறது என்ர மகன். அணிக்காரருக்கே தெரியாமல் வீட்டிலை வைச்சுப் பார்க்கிறான். நொண்டிக்கொண்டு திரிஞ்ச மனிசனை ஓட வைச்சிட்டான். வடக்கை போகேக்கை அவனையும் கூட்டிக்கொண்டுதான் போவான்" என்றேன். ஒரே மூச்சில். கும்பிட வந்த இடத்தில், கையில் நேர்த்திக் காலோடு. பரமண்ணையின் சிரிப்பு நின்றுவிட்டது. "உண்மையாவோ?" என்றார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு எவ்வளவு இனித்தது என்று உனக்கு எப்படிச் சொல்வேன். அந்த இனிப்புக்காகத்தான் உன்னை விற்றேன்.

பரமண்ணை கெட்ட மனிதன் இல்லை. அவர் வேலை செய்கிற வீட்டுக்காரர், டெரிக்கின் அணி இருக்கிற அந்தச் சின்ன ஊரைச் சேர்ந்தவர், அணிப் பைத்தியம். அவருக்கு ஒரு சந்தோசச் செய்தியாகத்தான் சொல்லியிருக்கிறார்: எங்கட பெடியன் ஒருவன் உங்கள் ஆட்டக்காரனின் காலைச் சுகப்படுத்துகிறான். வீட்டுக்காரர் தன்னுடைய ஊர்க் கோப்பிக்கடையில் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து உள்ளூர்ச் செய்திக்காரர்களுக்குப் போயிற்று. முழங்கால் பழுதென்றும், மொண்டெல்லோ வீட்டில் ஒரு இலங்கை இளைஞன் இரகசியமாகச் சிகிச்சை செய்கிறான் என்றும் வந்தது. அடுத்த ஆட்டத்தில் எதிரணி ரசிகர்கள் இருக்கைகளில் எழுந்து நின்று நொண்டிக் காட்டினார்கள். வடக்கு அணி மரியாதையாக ஒரு மறுப்பு அனுப்பிவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கத்தின நுணல் சுகமாக இருந்தது, பக்கத்தில் நின்ற பிள்ளைதான் கெட்டது.

அந்தப் பின்னேரம் உனக்கு மறந்திருக்காது. நீ எண்ணெய்க் கையோடு நிற்கிறாய். டெரிக் அந்தச் செய்தியைத் திறந்தபடி கைபேசியை மேசையில் போட்டான். கத்தவில்லை. "இதை வெளியே சொல்ல இந்த வீட்டில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். ஒருவர் எனக்குத் தகப்பன் மாதிரி" என்று சொல்லிவிட்டு உன்னைப் பார்த்தான். நீ "நான் இல்லை" என்றாய். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன். "மன்னித்துக்கொள்ளுங்கள், சிஞ்ஞோரே. இளம் பெடியன். யோசிக்காமல் யாரிடமோ சொல்லிவிட்டான்" என்றேன். நீ என் பக்கம் திரும்பினாய். தமிழில் கேட்டாய்: "நீங்களும் நம்புறீங்களோ, அப்பா?" நான் சொன்னது, "பேசாமல் இரு." நீ துவாயை எடுத்துக் கையைத் துடைத்து, அதை நாலாக மடித்து வைத்துவிட்டு வெளியே போனாய்.

அப்பா உன்னை நம்பவில்லை என்று நினைத்துத்தான் இவ்வளவு காலமும் மனம் நொந்திருக்கிறாய். நம்பாமல் இருந்தேனா! உலகத்திலேயே நீ குற்றமற்றவன் என்று சந்தேகமில்லாமல் தெரிந்த ஒரே ஆள் நான்தான், மகன். தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

இதற்கு நான் ஒரு நியாயம் வைத்திருந்தேன், அதையும் உன் முன்னால் போடுகிறேன். வீட்டு வேலைக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கோப்பை உடைந்த சத்தம் கேட்டால் முதலில் மன்னிப்பு, பிறகுதான் யார் உடைத்தது என்ற பேச்சு. பூனை உடைத்தாலும் நாங்கள்தான் மன்னிப்புக் கேட்போம். உன் பள்ளிக்கூடத்தில் அந்த ஆசிரியை, நீ ஒரு பெடியனைத் தள்ளி விழுத்தினாய் என்று கூப்பிட்டபோதும் நான் வாசலிலேயே தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டேன். தள்ளினது வேறு பிள்ளை என்று பிறகு தெரிந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நீ என் கையைப் பிடிக்காமல் நடந்தாய், அதையும் நான் பிள்ளைக் கோபம் என்று விட்டுவிட்டேன். டெரிக் வீட்டிலும் அந்தப் பழக்கம்தான் என் நாக்கை ஆட்டியது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். பள்ளிக்கூடத்தில் எனக்கு உண்மை தெரியாது, இங்கே தெரியும். இந்த வயதில் வேலை போனால் எந்த வீடு என்னை எடுக்கும் என்று பயந்தேன். அதைவிட, "தகப்பன் மாதிரி" என்று ஒரு வெள்ளைக்காரன் சொன்ன சொல்லை இழக்க எனக்கு மனமில்லை. அவனுக்குத் தகப்பனாக இருக்கிற ஆசையில் உனக்குத் தகப்பனாக இல்லாமல் போனேன். எழுதவே கூசுகிறது.

துறைமுகத்துக்கு நான் வந்தேன். நீ கூப்பிடவில்லை, வந்தேன். வாகனங்கள் கப்பலுக்குள் ஏறிக்கொண்டிருந்தன, நீ அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதாய், என்னிடம் "வாறன்" என்று மட்டும் சொன்னாய். அப்போதும் சொல்லியிருக்கலாம். மாறாக, "போற இடத்திலை வாயைக் கவனிச்சு நட" என்று புத்தி சொன்னேன். ஆட்கள் காதில் விழட்டும் என்று கொஞ்சம் உரத்தே சொன்னேன். பக்கத்தில் பரமண்ணையின் மனைவி நின்றாள். நம் ஆட்களுக்கு அந்தக் கதை எங்கிருந்து போனது என்று நீ யோசித்திருப்பாய். அங்கிருந்துதான் போனது. பரமண்ணையும், தன் வாயும் இதில் இருந்ததால், மறுத்துச் சொல்லப் போகவில்லை.

டெரிக் என்னை வேலையில் வைத்துக்கொண்டான். "நீ நேர்மையான மனிதன், சொந்த மகனாக இருந்தும் மறைக்கவில்லை" என்றான். நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு நல்ல கம்பளிச் சட்டை தந்தான். நான் ஒருநாளும் போடவில்லை, குளிரவில்லை என்று சாட்டுச் சொல்லுவேன். வடக்கு அணி கைவிட்டபிறகு அவன் அதே சின்ன ஊர் அணியில் குறைந்த சம்பளத்துக்கு இன்னும் ஒரு ஒப்பந்தம் எழுதினான். நீ இல்லாமல் அந்தக் கால் திரும்பவும் வீங்கத் தொடங்கினது. ஊசி போட்டுக்கொண்டு விளையாடினான். போன பருவத்தின் நடுவில் ஒரு மழை நாள், யாரும் தொடாமலே புல்லில் விழுந்தான். அத்தோடு சரி. எட்டு வயதில் தொடங்கினது அவ்வளவுதான். ஒரு மனிதனின் தொழிலையும் என் மகனின் தொடக்கத்தையும் ஒரே வாயால் முடித்துவைத்தவன், ஒவ்வொரு நாளும் அவன் வீட்டுக்குப் போய் நிலம் துடைத்தேன்.

பெண்பிள்ளையின் தகப்பன் எனக்கு எடுத்த மறுநாள் நான் டெரிக்கிடம் போனேன். ஊருக்குத் திரும்புகிறான், சாமான் கட்டிக்கொண்டிருந்தான். கோப்பைகளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். என் இத்தாலியன் அப்படித் தடுமாறி நான் கண்டதில்லை. அவன் ஒரு பெட்டிமேல் இருந்துவிட்டான். "கால் எப்படியும் போயிருக்கும்" என்றான் கடைசியில். "ஆனால் நான் வடக்கே போய்ச் சேர்ந்தபிறகு போயிருக்கும். அந்தப் பெடியன் கூட இருந்திருப்பான்." பிறகு கேட்டான்: "உன் மகனுக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்லை."

"அப்படியென்றால் ஏன் முதலில் என்னிடம் வந்தாய்?"

நான் பெட்டியை மூட ஒட்டுநாடாவை எடுத்தேன். அவன் உன் இலக்கத்தைக் கேட்டான். உன்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டுமாம், அன்றைக்கு உன்னை விசாரிக்காமலே முடிவு கட்டினதற்கு. நான் கொடுக்கவில்லை. மகனிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்றேன். உன்னைப் பற்றின ஒரு விசயத்தில் முதலில் உன்னைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது அதுதான் முதல் தடவை. அவன் ஒட்டுநாடாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "மிச்சத்தை நானே கட்டிக்கொள்கிறேன், நீங்கள் போங்கள்" என்றான். கை தரவில்லை. நானும் நீட்டவில்லை. பஸ்ஸில் வரும்போது அவன் கேட்ட கேள்வியை யோசித்தேன். உண்மையைச் சொல்லப் போனபோதும் நான் சிஞ்ஞோரிடம்தான் முதலில் போயிருக்கிறேன். என் வெட்கத்துக்குக்கூட வரிசையில் நீ பின்னாலேதான் நின்றிருக்கிறாய்.

ஆகவே இம்முறை வரிசை மாறுகிறது. பிள்ளையின் தகப்பனுக்கு நான் இன்னும் எடுக்கவில்லை. சங்கத்து மலர்க்காரரும் நான் சொல்லும்வரை அச்சுக்குக் கொடுக்கமாட்டார். முதலில் நீ வாசிக்கவேண்டும். ஒரு சொல்லு மாற்றவேண்டும் என்றால் மாற்று, அம்மாவிடம் சொல்லிவிடு. ஆனால் போடவேண்டாம் என்று மட்டும் சொல்லாதே. நீ சொல்லக்கூடியவன், அதுதான் எனக்குப் பயம். "வேண்டாம் அப்பா, வயசு போன காலத்திலை உங்களை ஏன் ஆக்கள் கதைக்கவேணும்" என்பாய். நான் கதைபட வேண்டியவன். நீ கதைபட்டது காணும்.

கலியாணத்துக்குப் போகிற பிள்ளைக்குத் தகப்பன் புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். எனக்கு அந்த உரிமை எவ்வளவு மிச்சமோ தெரியாது, இருந்தாலும் தகப்பன் வாய் சும்மா கிடக்காது. நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் வரும். யாராவது வந்து குறை சொன்னால் உடனே குனியாதே. முதலில் பிள்ளையைக் கேள், மற்றவர்கள் காத்திருக்கட்டும். பிள்ளையின் பெருமையைச் சபையில் வைத்துக் கதைக்காதே. அது பிள்ளைக்குச் செய்கிற மரியாதை என்று நாம் நினைக்கிறோம், அனேகமாக நமக்கு நாமே போட்டுக்கொள்கிற மாலைதான் அது. உன்னைப் பற்றி உன்னிடம் ஒருநாளாவது நேரே சொன்னேனா? நீ அந்தக் காலைப் பிடித்து வேலை செய்தபோது உன் முகத்தில் இருந்த அமைதியை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை. பரமண்ணைக்கு முன்னால் சொன்னதை உன் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் இவ்வளவும் வந்திராது.

நீ வாசித்து முடித்ததும் பிள்ளையின் தகப்பனுக்கு எடுப்பேன். அம்மா பக்கத்தில் நிற்பாள், நான் வழுக்கினால் பிடுங்கிச் சொல்லிவிடுவாள். "அண்ணை, சொன்னது அவன் இல்லை, நான். பிறகு பழியை அவனிலை போட்டதும் நான்" என்று சொல்லுவேன். அவர் உன்னைப் பற்றி இனி யோசிக்கமாட்டார். என்னைப் பற்றி யோசிப்பார். இப்படி ஒரு மனிதனோடு எப்படிச் சம்பந்தம் வைப்பது என்று கேட்பார், கேட்கவேண்டியதுதான். மணவறைக்குப் பக்கத்தில் நான் நிற்கக்கூடாது என்று அவர்கள் நினைத்தால் பின்வரிசையில் இருக்கிறேன். வரவே வேண்டாம் என்று நீ நினைத்தால் அம்மாவைக் கப்பலேற்றிவிடுகிறேன்.

ஒன்று மட்டும், மகன். அவர்கள் என்னைப் பற்றி என்ன சொன்னாலும், எனக்காக நீ யாரிடமும் மன்னிப்புக் கேட்காதே.

அப்பா